வலப்பக்கத்துத் துளை

அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடியக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வாசல் காவலாளியிலிருந்து துறைத்தலைவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்ததே நாற்பத்தாறு வயதில். பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாக அவள் கை தொட்டதெல்லாம் கண்ணாடி ஸ்லைடு. மூளை ஆராய்ச்சித் துறையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், மூளையை வெட்டிக் கண்ணாடியில் ஏற்றுவது அவள் வேலை.

மெழுகில் ஊறிய மூளைத்துண்டை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தலைமுடியை விட மெல்லிய ஏடுகளாக உரிந்து வரும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாவாக நீளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் எடுத்து, ஸ்லைடை அடியில் கொடுத்து அள்ள வேண்டும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் நாடா பறந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும். அக்கா வேலை செய்யும்போது அந்த அறையில் யாரும் தும்மக் கூடாது. ஒருமுறை தும்மிவிட்ட துறைத்தலைவர் இரண்டு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அவள் கணவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். லிஃப்ட் ஆபரேட்டர். இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றார். "நான் மேல, கீழ. இவ இடது, வலது. ரெண்டு பேருமா சேர்ந்து எல்லாத் திசையையும் பாத்துட்டோம்" என்பார்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது டாக்டரம்மாவிடம். டாக்டரம்மா உயரம் குறைவு. மைக்ரோஸ்கோப்புக்கு எட்டுவதற்கு நாற்காலியில் இரண்டு தடித்த புத்தகங்களைப் போட்டு உட்காருவார். அந்த இரண்டு புத்தகங்களும் அவருடைய கருத்தை மறுத்தவர்கள் எழுதியவை என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் சிரிப்பார், இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

டாக்டரம்மா முப்பது வருஷம் பார்த்தது பட்டாணி அளவுள்ள ஓர் இடத்தை. காதுக்கு உட்புறம், ஆழத்தில், பேச்சைக் கேட்டுப் பிரித்தறியும் பகுதிக்கு அடியில் ஒரு செல் கூட்டம். அப்படி ஒன்று இருப்பதையே முதலில் சொன்னவர் அவர்தான். அது இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் இடப்பக்கம் அடர்த்தியாகவும் வலப்பக்கம் கலைந்தும் இருக்கும் என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. நாற்பத்திரண்டு மூளைகளை வெட்டிக் காட்டினார். பிறகு நம்பினார்கள். இப்போது அந்தப் பட்டாணி அவர் பெயரால் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. டாக்டரம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று அவர் சொன்னபடியே இருந்தன. ஒன்று மட்டும் மாறி இருந்தது. வலப்பக்கம் அடர்த்தியாக, இடப்பக்கம் கலைந்து. இருபத்தேழாம் எண் மூளை. டாக்டரம்மா அதை மறைக்கவில்லை. தன் கட்டுரையில் அதற்குத் தனிப்பக்கம் கொடுத்தார். மூளையைக் கொடுத்தவர் யார் என்று அட்டையில் பெயர் இல்லை. 'தையற்காரர், வயது 61, வலதுகைப் பழக்கம்' என்று மட்டும் இருந்தது. அந்தத் தையற்காரரைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள். இரண்டு கையாலும் வேலை செய்ததால் மாறியது என்றார் ஒருவர். பிறவியிலேயே மாறியது என்றார் இன்னொருவர். இருபத்தேழாம் ஸ்லைடு பெட்டியில் மட்டும் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் உண்டு. டாக்டரம்மா ஒட்டியது.

அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பெட்டியை அடுத்த பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைப்பாள்.

ஏனென்றால் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் மாதம் பிறந்தது, இன்னும் சாகவில்லை.

ஒரு மூளை வந்தால் அதை முன்னாலிருந்து பின்னாலாக ரொட்டி மாதிரித் துண்டு போடுவார்கள். பதினைந்து துண்டுகள். ஒன்பதாவது துண்டில்தான் பட்டாணி இருக்கும். துண்டு போட்ட பிறகு எது இடது எது வலது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அதனால் ஒவ்வொரு துண்டிலும் மூளையின் வலப்பக்க ஓரத்தில் ஊசியால் ஒரு துளை. எத்தனை ஏடாகச் சீவினாலும் ஒவ்வொரு ஏட்டிலும் அந்தத் துளை தெரியும். துளை இருக்கும் பக்கம் வலது. டாக்டரம்மா கண்டுபிடித்த வழி இது. இன்று பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். எளிய வழிதான். அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை.

துளையை எப்போதும் டாக்டரம்மாதான் போடுவார். இருபத்தேழு வந்தபோது ஒன்பதாம் துண்டு மட்டும் இன்னும் இறுகாமல் கொழகொழவென்று இருந்தது. மற்றவற்றுக்குத் துளை போட்டுவிட்டு அதைத் திங்கட்கிழமைக்கு வைத்தார். திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல். போன் செய்தார்.

"ஒன்பதை மட்டும் நீயே குத்திடு. தெரியும்ல? வலது ஓரம்."

"தெரியும் டாக்டரம்மா."

துண்டைத் தட்டில் வைத்தாள். வலது ஓரத்தில் குத்தினாள். மெழுகில் போட அனுப்பினாள். சாயங்காலம் வீட்டில் நாலு வயது மகளுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். "வலது கையைக் குடு" என்றாள். குழந்தை சரியாகத்தான் நீட்டியது. எதிரே நின்ற அம்மாவுக்கு அது இடப்பக்கத்திலிருந்து வந்தது. சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். துண்டைத் தட்டில் எப்படி வைத்தோம்? தலையின் பின்பக்கம் பார்க்கும் முதுகு மேலே இருந்ததா, முன்பக்கம் பார்க்கும் முகமா? டாக்டரம்மா எப்போதும் முதுகு மேலே தெரியும்படி வைப்பார். அப்போது மூளையின் வலது நம் வலது. முகம் மேலே இருந்தால் அதன் வலது நம் இடப்பக்கம். காலையில் செய்தது எதுவென்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். டாக்டரம்மா வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அவர் திரும்பி வந்தபோது நாடா வெட்டி, சாயம் ஏற்றி, ஸ்லைடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடையது தற்காலிக வேலை. ஆறாம் மாதம் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். சந்தேகம்தானே, நிச்சயம் இல்லையே என்று இருந்துவிட்டாள். நிச்சயம் இல்லாதது பல வருஷம் சௌகரியமாக இருந்தது.

ஒரே ஒருமுறை டாக்டரம்மா கேட்டார். கடைசி வருஷம். கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"இருபத்தேழு நீதானே வெட்டினே? அப்போ உனக்கு ஏதாவது வித்தியாசமாத் தோணுச்சா?"

"இல்ல டாக்டரம்மா."

"சரி."

அவ்வளவுதான். அந்த 'சரி'தான் அவளை விடவில்லை.

அவள் ஓய்வு பெற இன்னும் பதினெட்டு வேலைநாள் இருந்தது. அப்போதுதான் புது மேடம் கீழ்த்தளத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவர். இரண்டு வருஷம் முன்பு இந்தத் துறைக்கு வந்ததே இருபத்தேழுக்காக. அந்தத் தையற்காரரின் செல்லுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கப்போகிறார்.

"அக்கா, அனுமதி வந்திடுச்சு. வியாழக்கிழமை இருபத்தேழோட மெழுகுக்கட்டையில மிச்சம் இருக்கிறதைச் சீவிக் குடுத்திடுங்க."

"கொஞ்சமாவது வச்சுக்கலாமா மேடம்?"

"இருக்கிறதே விரல் கனம். முழுசும் வேணும், அரைச்சுத்தான் பார்க்கணும். வேற யார் சீவினாலும் பாதி வீணாப் போயிடும். உங்க கையாலதான் ஆகணும்."

மேடம் பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தேநீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"என்ன, ரிட்டயர்மென்ட் வேணாம்னு எழுதிக் குடுத்திட்டியா?"

"விளையாடாதீங்க. இருபத்தேழு."

"உங்க டாக்டரம்மாவோட செல்லப்பிள்ளையா? அவனுக்கு என்ன இப்போ?"

சொன்னாள். ஊசி, தட்டு, மகளின் சட்டை, டாக்டரம்மாவின் 'சரி', வியாழக்கிழமை. முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தார்.

"ஆக, அந்தத் தையக்காரன் நம்மள மாதிரிதான்."

"இருக்கலாம்."

"இருபத்தாறு வருஷமா ஊர் உலகமே அவனைத் திருகல் புத்திக்காரன்னு எழுதுது. அவன் பாட்டுக்குச் செத்துக் கெடந்தான்."

"எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க."

"தெரிஞ்சுக்கப் பிடிக்கலன்னு சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

"டாக்டரம்மா பேரு கெட்டுப் போயிடும்."

"எப்படிக் கெடும்? இத்தனை நாளா நாப்பத்தொண்ணு. இப்போ நாப்பத்திரெண்டு. கணக்குல நான் வீக்குதான், ஆனா இது கூடுதல் மாதிரித்தான் தெரியுது."

"அந்த ஒண்ணைத்தான் அவங்க ரொம்ப நம்புனாங்க. அதுக்குத்தான் தனிப்பக்கமே."

"உனக்கு எதுக்கு பயம்? அவங்க பேருக்கா, உன் பேருக்கா?"

அவர் சட்டையை உதறி மடித்தார்.

"என் வேலை எவ்வளவோ நல்ல வேலை. தப்பான மாடியில எறக்கி விட்டுட்டா, மன்னிச்சுக்கங்க சார்னு திரும்ப ஏத்திக்கலாம்."

"யாரை ஏத்தறது? டாக்டரம்மாதான் போயிட்டாங்களே."

"கதவு இன்னும் மூடலையே. வியாழக்கிழமைதானே மூடுது?"

புதன்கிழமை காலை நேராக ஸ்டோருக்குப் போனாள். அரைத்துவிட்டால் சந்தேகம் சந்தேகமாகவே இருந்துவிடும். தீர்க்க ஒரு வழிதான். இருபத்தேழின் மற்றத் துண்டுகள் எங்காவது ஒரு ஜாடியில் இருக்க வேண்டும். அவற்றில் டாக்டரம்மாவின் கை போட்ட துளைகள் இருக்கும்.

ஸ்டோர்க்காரர் அவளை விட இரண்டு வாரம் மூத்தவர். சாவிக்கொத்தைத் தேடுவதிலேயே பாதி உத்தியோகத்தைக் கழித்தவர்.

"அண்ணே, ஜாடி இருபத்தேழு வேணும்."

"இப்ப எதுக்கும்மா? போற நேரத்துல பழைய சொந்தக்காரங்களைப் பாத்துட்டுப் போலாம்னா?"

"ஆமாண்ணே. பாக்காம போனா நல்லா இருக்காது."

அலமாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். அவர் விரலால் எண்ணிக்கொண்டே போனார்.

"இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தெட்டு. நடுவுல ஆளு லீவு."

"நல்லாப் பாருங்கண்ணே."

"நான் என்ன, கண்ணை மூடிக்கிட்டா பாக்கறேன்? இரு. பெயின்ட் அடிக்கும்போது கொஞ்சத்தை அந்த மூலைக்கு மாத்துனோம்."

மூலையில் காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், கால் உடைந்த ஸ்டூல், பழைய ஃபேன் ஒன்று. ஃபேனுக்குப் பின்னால் ஜாடி இருந்தது. துண்டுகள் கெடாமல் இருக்க ஊற்றிய ஃபார்மலின் பாதி வற்றியிருந்தாலும் துண்டுகள் மூழ்கித்தான் இருந்தன.

"தூக்கிட்டு வரவா?"

"வேணாண்ணே. நானே எடுத்துக்கறேன்."

"கீழ போட்டுடாதே. உனக்கு இன்னும் பதினேழு நாள்தான் பாக்கி, எனக்கு அவ்வளவுகூட இல்ல. கேஸு என் தலையில விழும்."

ஜாடியை இடுப்பில் வைத்துப் படி இறங்கினாள். குழந்தையைத் தூக்குவது போல என்று எதிரே வந்த நர்ஸ் சிரித்தாள்.

தனியாகப் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, தனியாகப் பார்த்தால் மறுபடி தனியாகவே வைத்துக்கொள்வோம் என்று பட்டது. மேடத்துக்குப் போன் செய்தாள்.

மேடம் வந்தார். தட்டில் பதினான்கு துண்டுகள் வரிசையாக, முதுகு காட்டி நிறுத்தியிருந்தன. ஒன்பதின் இடம் காலி.

"என்ன அக்கா இது?"

"துளையைப் பாருங்க மேடம். எல்லாம் டாக்டரம்மா போட்டது."

மேடம் குனிந்து பார்த்தார். பதினான்கு துளைகளும் வலது ஓரத்தில் ஒரே நேராக ஓடின.

"இதுல ஒன்பது மட்டும் நான் குத்துனது. டாக்டரம்மாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல். நான் சேர்ந்து அஞ்சு மாசம். துண்டைத் திருப்பிப் போட்டுக் குத்திட்டேனோன்னு ஒரு சந்தேகம். அன்னையிலேருந்து."

மேடம் நிமிர்ந்தார்.

அக்கா மெழுகுக்கட்டையை எடுத்தாள். ஓரத்து மெழுகை ஏற்கெனவே உருக்கி எடுத்திருந்தாள். உள்ளே விரல் கனத்துக்குத் துண்டின் மிச்சம் தெரிந்தது. துளையும் தெரிந்தது. அந்தத் துளை வலப்பக்கம் வரும்படி எட்டுக்கும் பத்துக்கும் நடுவே பிடித்தாள். மடிப்புகள் சேரவில்லை. எட்டில் உள்ளே போகும் பள்ளம் ஒன்பதில் மேடாக வந்து நின்றது. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டும் இருந்தது.

கட்டையைத் திருப்பினாள்.

பள்ளத்தோடு பள்ளம் சேர்ந்தது. ரத்தக்குழாய் ஓடிய தடம் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்து பத்துக்குப் போயிற்று. துளை மட்டும் இடப்பக்கம் தனியாக நின்றது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுக்காரருக்கு. நேத்து சாயங்காலம் சொன்னேன்."

"டாக்டரம்மாவுக்கு?"

"கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு வருஷம் அக்கா. இந்த ஒரு மூளைக்காக இருந்த வேலையை விட்டுட்டு இங்க வந்தேன். ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை இந்த ரூமுக்கு வந்திருப்பேன்? ஒரு தடவைகூட வாயைத் திறக்கத் தோணலையா?"

"தோணுச்சு மேடம். ஒவ்வொரு தடவையும்."

மேடம் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாக ஜாடிக்குள் இறக்கினாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. நன்றாகப் பசித்தது. கேன்டீனுக்குப் போய் இரண்டு துண்டு ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வந்து, அன்றைய ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றினாள். இந்த மாதக் கடைசியில் மாலையும் போட்டோவும் இருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. இல்லாவிட்டால் கணவர் என்ன ஜோக் அடிப்பார் என்றும் யோசித்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வருவதற்கு முன்பே மேடம் அறையில் இருந்தார். மேஜையில் நாலைந்து தாள்கள். டாக்டரம்மாவின் நாற்காலியில், அந்த இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க அக்கா. நேத்து பேசுனது பேசுனதுதான். கோபம் இன்னும் போகல."

"சரி மேடம்."

"ஆனா இதைப் பாருங்க. டாக்டரம்மாவுக்கு அப்புறம் இதே வேலையை வேற நாலு நாட்டுல செஞ்சிருக்காங்க. அதுல மூணு இடத்துல ஒவ்வொண்ணு மாறி வந்திருக்கு. இருபத்தேழு மாதிரியேன்னு எழுதியிருக்காங்க. இருபத்தேழு இருந்ததால யாரும் திரும்பிப் பார்க்கல. எல்லாருமே துளை போடுற ஆளுங்கதான்."

அக்காவுக்குப் புரிந்தது.

"அங்கேயும் ஒரு புது ஆளு இருந்திருப்பாங்களோ?"

"யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நிஜமாவே மாறினவங்க இருக்கலாம். மூணு பேருக்கும் எழுதிட்டேன், பக்கத்துத் துண்டை வச்சுப் பாருங்கன்னு. நீங்க நேத்து வச்ச மாதிரி. படம் எடுத்து அனுப்பணும். திரும்ப ஒரு தடவை வைப்பீங்களா?"

"வைக்கிறேன்."

"மத்த நாப்பத்தொண்ணையும் பார்த்தாகணும். சரியா இருக்கும்னு நம்பிக்கிட்டு இருக்க முடியாது. ஜாடியெல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஸ்டோர் அண்ணன் எங்க வச்சாருன்னு அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு இன்னும் எத்தனை நாள்?"

"இன்னிக்கோட சேத்து பதினாறு."

"ஒரு நாளைக்கு மூணு பார்த்தா?"

"பதினாலு நாள்ல முடிச்சிடலாம். ரெண்டு நாள் மிச்சம்."

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். அது முழுச் சிரிப்பு இல்லை.

அக்கா அலமாரியைத் திறந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்தாள். அந்த அறையில் நடந்த ஒவ்வொரு வேலையும் அதில் இருக்கும். டாக்டரம்மாவுக்கு அதில் ஒரு பிடிவாதம். தப்பை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, மேலே எழுதி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்க வர வேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. அந்தப் பேரேட்டில் டாக்டரம்மாவின் கோடுகள்தான் அதிகம். ஒரு பக்கத்தில் பழுப்புக் கறை. அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'காபி. நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய பக்கம். எண் 27, துண்டு 9. துளை: வலது. 'செய்தவர்' கட்டத்தில் அவள் கையெழுத்து, இளமையாக, சுழித்து. 'சரிபார்த்தவர்' கட்டம் காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க யாரும் இல்லை. பிறகு யாரும் கவனிக்கவில்லை. அவளும் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை அவள் திறந்ததே கிடையாது.

'வலது' என்பதன் குறுக்கே கோடு போட்டாள். பக்கத்தில் 'இடது' என்று எழுதினாள். பேனாவை எடுக்கவில்லை. 'துண்டை மாற்றி வைத்தது நான். டாக்டரம்மா கேட்டபோது சொல்லவில்லை' என்றும் எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். இப்போதைய கையெழுத்தில் சுழிப்பு இல்லை.

பேரேட்டை மேடத்தின் பக்கம் திருப்பினாள். மேடம் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு காலியாக இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இருபத்தேழு பெட்டியில அந்தச் சிவப்பை என்ன பண்றது?" என்றார்.

"கிழிக்கக் கூடாது மேடம். பக்கத்துல வெள்ளை ஒண்ணு ஒட்டலாம்."

வெள்ளைத் தாளில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கடைசியில் மேடம்தான் எழுதினார். 'தையற்காரர். எல்லோரையும் போல.'

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு ஜாடி எண் ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்" என்றாள். "தும்மல் வந்தா வெளிய போயிடுங்க."